மலரக்காவின் செடிக்கு வழிவிட்ட வீடு

எங்கட தெருவில இப்ப ஆரும் ஆண்டு மாசம் சொல்லிக் கதைக்கிறேல்லை, வீடு எழும்பினதுக்கு முதல், வீடு எழும்பினாப் பிறகு எண்டுதான் கதை. குர்மீத் சிங்கின்ர மகளுக்குக் கலியாணம் நடந்தது வீடு எழும்பினதுக்கு முதல், மூலை வீட்டு ஜமேக்கா மனிசிக்குப் பேரன் பிறந்தது வீடு எழும்பிக்கொண்டிருக்கேக்கை, என்ர முன் யன்னல் மண்ணுக்குள்ள போனது வீடு எழும்பத் துவங்கி ஆறாம் கிழமை. எழும்பின வீடு எட்டாம் இலக்கம், மலரக்காவும் அவவின்ர மனிசன் தவண்ணையும் இருக்கிற வீடு. ரொறன்ரோவுக்குக் கிழக்கை இருக்கிற எங்கட தெரு முழுக்க இரட்டை வீடுகள்தான், ரெண்டு குடும்பம் ஒரு சுவரைப் பங்குபோட்டு தோளோட தோளா இருக்கிறது, அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் பத்தாம் இலக்கத்தில இருக்கிறது நான், பவளராணி. இந்தக் கதையில பிழை விட்ட ஆள் ஆரெண்டு கேட்டால் அதுவும் நான்தான், வேற ஆரும் சொல்லமுன்னம் நானே சொல்லிப்போடுறன், பிறகு எனக்குப் பின்னால நிண்டு குசுகுசுக்கத் தேவையில்லை.

மலரக்காவின்ர இடுப்புக்குள்ள யுத்தத்தில வெடிச்ச ஒரு செல் துண்டு இருக்கு. பயத்தம் பருப்பளவு இரும்பு, நரம்புக்குப் பக்கத்தில ஒட்டிக்கொண்டு கிடக்கு, அதை எடுக்கப்போனால் கால் போகும் எண்டு மூண்டு டாக்குத்தர்மார் மூண்டு விதமாப் படம் எடுத்துப் பார்த்துச் சொல்லிப்போட்டினம். ஒன்பது வருசமா அந்த மனிசி ஒரே மூச்சில ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல நித்திரை கொண்டதில்லை. குடுத்த குளிசையள் ஒண்டு வயித்தைக் கட்டும், ஒண்டு தலையைச் சுத்தும், மற்றது ஆளையே வேற ஆளாக்கும். போன மாரியில ஆஸ்பத்திரி வாங்கில பக்கத்தில இருந்த ஒரு வெள்ளைக்கார மனிசி, தன்ர வீட்டில வளர்த்த கஞ்சாப் பூவில காய்ச்சின எண்ணெய் எண்டு ஒரு சின்னப் போத்தல் குடுத்தா, டாக்குத்தரும் எடுத்துப் பாருங்கோ எண்டார், அந்த ஒரு கிழமையும் மலரக்கா ஐஞ்சு மணித்தியாலம், ஆறு மணித்தியாலம் எண்டு நித்திரை கொண்டா. பிறகு போத்தலும் முடிஞ்சுது, அந்த மனிசியும் கண்ணை மூடிட்டா, கடையில வாங்கின எண்ணெய் ஒண்டும் ஒத்துவரேல்லை. மிஞ்சினது அந்த மனிசி கடுதாசியில மடிச்சுக் குடுத்த ஒரேயொரு விதை.

இந்த நாட்டில ஒரு வீட்டுக்கு நாலு கஞ்சாச்செடி வளர்க்கலாம், அது சட்டம், எண்டாலும் எங்கட சனம் அந்தச் சொல்லைக் கேட்டாலே கதவைச் சாத்தும். தவண்ணை ஒளிக்கேல்லை, ஒவ்வொரு வீடாப் போய், "என்ர மனிசிக்கு மருந்துக்கு ஒரு கண்டு வைக்கப்போறன், மணக்கும், குறை நினையாதேங்கோ" எண்டு சொன்னார். எல்லா வீட்டுக்கும் போனவர் என்ர வீட்டுக்கு வரேல்லை. அண்டைக்கு நான் வீட்டில இல்லையாம், பிறகு மறந்துபோனாராம். அதை மனதில வைச்சுக்கொள்ளுங்கோ.

இனித் தவண்ணையின்ர பிழையைச் சொல்லுறன். விதை தந்த மனிசி, "சின்னச் சாடியில வை, வேர் அடங்கினால் செடியும் அடங்கி நிக்கும், பூக்கத் துவங்கினாப் பிறகுதான் அது தன்ர பாட்டுக்கு நீளும், உயரத்தைக் கவனி" எண்டு வடிவாச் சொல்லி விட்டவ. தவண்ணை ஊரில, புன்னாலைக்கட்டுவனில, இருபது வருசம் புகையிலை வைச்ச மனிசன். அவருக்குச் சாடி எண்டது ஒரு அவமானம். "சாடியில நிக்கிறது பயிரே?" எண்டு கேட்டுப்போட்டு, பேஸ்மென்ற் கொங்கிறீற்றை அலவாங்கால உடைச்சு, மூண்டு முழம் கிண்டி, புகையிலைக்குத் தாட்டமாதிரிக் குழை தாட்டு, குழையெண்டால் தெருவிலுள்ள மேப்பிள் இலை முழுக்க, அதுக்கு மேல எங்கையோ பண்ணையில போய் அள்ளிவந்த ஆட்டெரு, அதுக்கு மேல மண், அதுக்கு நடுவில அந்த ஒரு விதை. வீட்டுக்கு அடியில வீட்டுக்கே பசளை போட்ட மனிசனை நான் வேற எங்கையும் கேள்விப்படேல்லை.

செடி வந்துது. ஆவணி கடைசியில இடுப்பளவு நிக்கேக்கை, பூக்கப் பண்ணுறதுக்காக லைட்டைப் பன்னிரண்டு மணித்தியாலமாக் குறைச்சார். ராவில குளிருக்கு லைட்டின்ர சூடு உதவுமெண்டு இரவு முழுக்க லைட், பகல் முழுக்கக் கும்மிருட்டு. பகலில ஒரு பொட்டு வெளிச்சம் உள்ள போகக்கூடாது, போனால் செடி குழம்பிப் பூக்கிறதை விட்டிடும். இதிலயிருந்து ஒன்பது கிழமை. ஒன்பது கிழமை முடியமுன்னம் வெட்டினால் பூவில சத்து இறங்கியிராது, அந்த எண்ணெயால பல்லு நோவுகூட மாறாது. முதல் மூண்டு கிழமை நீளும், பிறகு தானா நிண்டிடும் எண்டுதான் கணக்கு.

அது நீண்டுது. தவண்ணை கிளையளை வளைச்சுக் கட்டினார், வலை விரிச்சு அதுக்குள்ளால தலையளை மடக்கி விட்டார், புடலங்காய்க்குக் கல்லுக் கட்டுறமாதிரி ஏரிக்கரையில பொறுக்கின கல்லுகளைக் கயித்தில கோத்து ஒவ்வொரு கிளையிலயும் தொங்க விட்டார், அடுத்த நாள் விடியப் பார்த்தால் கல்லெல்லாம் அந்தரத்தில ஆடிக்கொண்டு நிக்கும். லைட்டுக்கும் செடிக்கும் இடையில ரெண்டு அடி இருக்கோணும், இல்லாட்டிப் பூக் கருகும், அதுக்காக லைட் தொங்கிற சங்கிலியை நாளுக்கு நாள் உயர்த்திக்கொண்டு வந்தார். ரெண்டாம் கிழமை சங்கிலி முடிஞ்சுது, லைட் பேஸ்மென்ற் முகட்டோட ஒட்டிப்போச்சு, இனி உயர்த்த இடமில்லை. நாளைக்குச் செடி கருகிக் கிடக்கப்போகுது எண்டு மனிசன் சாப்பிடாமலே படுத்தவராம். விடியப் போய்ப் பார்த்தால் செடி நாலு விரல் வளர்ந்திருக்கு, லைட்டுக்கும் அதுக்கும் இடையில அதே ரெண்டு அடி. முகட்டை அளந்தார். முகடு நாலு விரல் மேல போயிருந்துது.

"கூரை விலகிக் குடுத்திருக்கு," எண்டு மேல வந்து மலரக்காவுக்குச் சொன்னாராம்.

"அப்ப நல்லம், தேத்தண்ணி ஆறப்போகுது குடியுங்கோ," எண்டாவாம் அவ.

அப்பிடித்தான் துவங்கிச்சுது. ஒவ்வொரு நாளும் விடிய அந்த வீடு நாலு விரல் எழும்பும், அத்திவாரத்தில ஒட்டாமல், அவியிற சோத்துப்பானையின்ர மூடி எழும்புறமாதிரி, ஒரு கீறல் விழாமல், கோப்பையில இருக்கிற தேத்தண்ணிகூடச் சிந்தாமல். செடி கூரையை முட்டேல்லை, கூரைதான் மரியாதையா விலகிச்சுது. எழும்பினது எட்டாம் இலக்கம் மட்டும். ஒரே சுவர், ஒரே கூரை, ஒரே கொம்பனி கட்டின வீடு, என்ர பக்கம் ஒரு விரல்கூட அசையேல்லை. எனக்கு அது கொஞ்சம் மனவருத்தமாத்தான் இருந்துது, ஏன் பொய் சொல்லுவான்.

தெருவுக்குப் பழக ஒரு கிழமைகூடச் செல்லேல்லை. எதிர் வீட்டுக் குர்மீத் சிங் தச்சு வேலையும் பைப் வேலையும் தெரிஞ்ச ஆள், அவர் வந்து தண்ணிக் குழாயையும் கரண்டு வயரையும் நீட்டி விட்டுப்போட்டு, வாசலுக்கு ஒரு மரப்படி செய்து வைச்சார், ரெண்டு நாளைக்கு ஒருக்கா வேலைக்குப் போகமுன்னம் இன்னொரு படி கூட்டி விடுவார், வீடு எழும்பாத நாள் ஏதும் வந்தால் தன்ர கை சும்மா இருந்து நோகும் எண்டு பகிடி வேற. தபால்காரப் பெட்டை கடிதங்களைக் கயித்துக் கூடையில போடப் பழகிட்டுது. அத்திவாரத்துக்கும் வீட்டுக்கும் இடையில விழுந்த வெளியால பகல் வெளிச்சம் போய்ச் செடியைக் குழப்பிப்போடும் எண்டு தெரிஞ்ச உடன, சனம் போர்வை கொண்டு வந்தினம், கம்பளி கொண்டு வந்தினம், பழைய யன்னல் சீலை, கூறைச்சீலை, மூலை வீட்டு ஜமேக்கா மனிசி தன்ர செத்த மனிசனின்ர கறுத்தக் கோட்டுகள் ஆறு, எல்லாத்தையும் ரெட்டை மடிப்பாத் தைச்சு வீட்டைச் சுத்தித் தொங்க விட்டினம், ஒவ்வொரு கிழமையும் கீழ்ப்பக்கத்தில இன்னொரு வரிசை சீலை பிடிச்சினம், வீடு பாவாடை கட்டினமாதிரி நிண்டுது. கோயில் நிர்வாகசபை கூடிக் கதைச்சு, இது கஞ்சாவுக்காக எழும்பின வீடோ மலரக்காவுக்காக எழும்பின வீடோ எண்டு ரெண்டு மணித்தியாலம் இழுபட்டு, கடைசியில மலரக்காவுக்காகத்தான் எண்டு தீர்மானம் எடுத்து, ரெண்டு பெரிய தார்ப்பாய் அனுப்பி வைச்சுது. கஞ்சா எண்டு மூக்கைச் சுழிச்ச சனம், இப்ப மணம் வராத நாளில, "என்ன தவண்ணை, செடிக்குச் சுகமில்லையோ?" எண்டு கேட்டுது.

ஒரேயொரு வில்லங்கம். மலரக்காவால படி இறங்க ஏலாது. அந்த இடுப்போட மூண்டு படிக்கு மேல அவவுக்குச் சரிவராது, வீடு ஐஞ்சு படி உயரம் போனதோட ஆள் மேலயே மாட்டுப்பட்டுப்போனா. அவவின்ர நோ மாறத்தான் செடி, அந்தச் செடியே அவவைத் தூக்கி மேல வைச்சிட்டுது. அவ அதைப் பற்றி ஒரு முறைப்பாடும் சொல்லேல்லை, யன்னலில இருந்து தெருவைப் பார்த்துக்கொண்டு, கீழ போற ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவா, முகம் மட்டும் வெளிறி வெளிறி வந்துது. "எத்தினை கிழமை?" எண்டு ஆரும் கேட்டால் விரலைக் காட்டுவா. இன்னும் ஆறு. இன்னும் ஐஞ்சு.

நாலாங் கிழமை ரெண்டு நாள் விடாமல் மழை. அவையின்ர வீடு மேல போனதால கூரை பிரிஞ்ச இடத்தால தண்ணி என்ர அறைச் சுவர் வழிய இறங்கி, என்ர கட்டில், என்ர அலுமாரி, நான் இருபத்திரண்டு வருசம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில வேலை செய்ததுக்கு அவை தந்த பாராட்டுப் பத்திரம், எல்லாம் ஊறிப்போச்சு. எனக்குக் கோவம் வந்தால் கண் தெரியாது. வீட்டு முத்தத்தில நிண்டு மேல பார்த்துக் கத்தினன்.

"தெரு முழுக்கச் சொல்லிப்போட்டு எனக்கு மட்டும் சொல்லாமல் செடி வைச்சியள்! இப்ப என்ர கட்டில் நீந்துது! நான் என்ன மனிசி இல்லையே?"

மலரக்கா யன்னலால தலையை நீட்டி, "ராணி, மழையில நிண்டு கத்தாதையும், மேல வாரும், தேத்தண்ணி குடிச்சிட்டு இருந்து பேசும்," எண்டா.

ஏற வேண்டிய படி பதினொண்டு. அதால எனக்குக் கோவம் இன்னும் ஏறிச்சுது. உள்ள போய், நகரசபைக்குப் போன் எடுத்து, பக்கத்து வீடு அளவுக்கு மிஞ்சி உயருது எண்டு முறைப்பாடு குடுத்திட்டன். போனை வைச்ச உடனையே நெஞ்சு திக்கெண்டுது. வைச்சாப் பிறகு திக்கெண்டு என்ன பிரயோசனம்?

ஐஞ்சாங் கிழமை கடைசியில நகரசபையால ஆள் வந்துது. பெர்னார்ட் எண்டு ஒரு நெட்டை மனிசன், நல்ல பழக்கவழக்கம், வாசல்ல சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் ஏறினார். வீடு எழும்புறதைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேக்கேல்லை, எவ்வளவு எழும்புது எண்டு மட்டும் கேட்டார். அளந்தார், கணக்குப் போட்டார், ஏழாங் கிழமை வெள்ளிக்கிழமை திரும்பி வருவன், அண்டைக்கு வீடு முப்பத்திமூண்டு அடிக்கு மேல நிக்கக்கூடாது, நிண்டால் அதை உயர்த்துற பொருளை அகற்றவேண்டி வரும் எண்டு கடிதம் ஒண்டைக் குடுத்திட்டு, மலரக்கா குடுத்த வடையையும் சாப்பிட்டிட்டுப் போனார்.

அண்டு பின்னேரம் தெருவே அந்தப் படிகளில வந்து குந்திச்சுது. தவண்ணையோட புகையிலை வைச்ச ஆக்கள் நாலைஞ்சு பேர் காரில வந்து இறங்கிச்சினம், அவைக்குத் தலைவர் சின்னக்கிளி அண்ணை, எழுபத்தெட்டு வயசு, எதுக்கும் ஒரே மருந்து வைச்சிருக்கிற மனிசன்.

"தலையை முறி தவம்," எண்டார். "புகையிலைக்கு என்ன செய்தனாங்கள்? பூ வந்த உடன தலையை முறிச்சுப்போட்டு விட்டால் அடங்கி நிக்கேல்லையே?"

"புகையிலைக்கு இலை வேணும் அண்ணை, அதால முறிச்சம். இதில பூதான் மருந்து. நாலு கிழமை கிடக்கேக்கை முறிச்சால் எல்லாம் போச்சு. வேற விதையும் இல்லை."

"அப்ப வீடு போகட்டுமே?"

அப்ப மலரக்கா வாசல் கதவைப் பிடிச்சுக்கொண்டு எழும்பி நிண்டா.

"முறியுங்கோ," எண்டா. "ஒன்பது வருசம் நித்திரை இல்லாமல் இருந்தனான், இனியும் இருப்பன். எனக்காகத் தெருச்சனம் நகரசபைக் கந்தோரெல்லாம் ஏறி இறங்கக் கூடாது. ராணியின்ர வீடும் மழையில ஊறுது, பாவம்."

பாவம் எண்டாவே! என்னைப் பாவம் எண்டா! எனக்கு நெஞ்சுக்குள்ள ஆரோ அலவாங்கு போட்டமாதிரி இருந்துது. ஆர் அறிவிச்சது, ஆர் அந்த எளிய சாதி எண்டு சின்னக்கிளி அண்ணை பல்லைக் கடிச்சுக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கேக்கை, நான் எழும்பி, "நான்தான்," எண்டன். "நான்தான் போன் எடுத்தனான். கோவத்தில எடுத்தனான். ஆரும் பேசுறதெண்டால் இப்பவே பேசி முடியுங்கோ, பிறகு அந்தக் கடிதத்தை என்னட்டைத் தாருங்கோ."

பேசிச்சினம். ஒரு பத்து நிமிசம் நல்லா வாங்கிக் கட்டினன். தவண்ணை மட்டும் ஏசாமல் கடிதத்தைக் கொண்டுவந்து என்ர கையில தந்தார். "உம்மட்டை வந்து சொல்லாமல் விட்டது என்ர பிழை பிள்ளை," எண்டார். அதுதான் எனக்குக் கூடச் சுட்டுது.

நான் பெரிய படிப்புப் படிச்ச ஆள் இல்லை. எண்டாலும் சலவைக்கூடத்தில இருபத்திரண்டு வருசம் துணியில தைச்ச பொடி எழுத்தை வாசிச்சு வாசிச்சு, எழுத்துக்கு எழுத்துப் பார்க்கிற பழக்கம் ஒண்டு எனக்கு இருக்கு. வாசிச்சன். திருப்பி வாசிச்சன். மூண்டாந்தரம் வாசிக்கேக்கை எனக்குச் சிரிப்பு வந்திட்டுது.

"வீட்டின்ர உயரம் எண்டு சும்மா போடேல்லை," எண்டன். "வாசலுக்கு முன்னால உள்ள நிலத்திலயிருந்து கூரை முகடுவரைக்கும் எண்டுதான் போட்டிருக்கு. நிலத்திலயிருந்து! வீட்டைக் குறைக்க ஏலாட்டி நிலத்தை உயர்த்துவம்."

குர்மீத் சிங்குக்கு ஆரோ இங்கிலீசில சொல்ல, அவர் உடன எழும்பிப் போய்த் தன்ர லொறியை ஸ்டார்ட் பண்ணிட்டார். தவண்ணைதான் கணக்குப் பார்த்தார். ஏழாங் கிழமைக்கு ஒன்பதடி மண் வேணும், ஒன்பதாங் கிழமை வரைக்கும் தாக்குப்பிடிக்கப் பன்னிரண்டரை அடி. அவ்வளவு மண்ணை எட்டாம் இலக்கத்தின்ர முத்தத்தில மட்டும் குவிச்சால் சரிஞ்சுபோம், பத்தாம் இலக்கத்தின்ர முத்தத்திலயும் போட்டால்தான் நிக்கும்.

"உம்மட முன் யன்னலும் கதவும் மூடுப்பட்டுப்போகும் ராணி," எண்டார்.

"போகட்டும். எனக்குப் பின் கதவு இருக்கு."

"வெளிச்சம்?"

"லைட் போடுவன். உங்கட செடிக்கு மட்டும்தான் லைட்டோ?"

அடுத்த ரெண்டு கிழமையும் எங்கட தெருவுக்கு வந்த மண்ணைப்போல ஒரு மண்ணை நீங்கள் கண்டிருக்க மாட்டியள். ஐப்பசி மாசம், எல்லாரும் பின் வளவில கத்தரியும் மிளகாயும் பயித்தையும் பிடுங்கி முடிச்ச நேரம், அந்தப் பாத்தி மண்ணை அரிசிச் சாக்குகளில கட்டிக் காரில, வானில, பஸ்ஸில, குழந்தைப்பிள்ளையளின்ர தள்ளுவண்டியில கொண்டு வந்தினம். அந்தத் தெரு, பக்கத்துத் தெரு, பிறகு ஆரெண்டே தெரியாத ஊர்களில இருந்தெல்லாம் வந்தினம், கோயில் நந்தவனத்து மண் வந்துது, குர்மீத் சிங் ஆரோ வீடு கட்டக் கிண்டின மண்ணைக் கேட்டு லொறி லொறியா இறக்கினார், ஜமேக்கா மனிசி கேக் சட்டியில நாலுதரம் கொண்டுவந்து கொட்டினா. ஊர் மண் எண்டு ஒரு சின்னப் போத்தலைக் கண்ணில ஒற்றிக்கொண்டு வந்த ஒருத்தரை நான்தான் மறிச்சு, "அண்ணை, ஒரு போத்தல் மண்ணால என்ன உயரும், போய் ஒரு சாக்கோட வாங்கோ," எண்டு அனுப்பினன். அவரும் பின்னேரம் ரெண்டு சாக்கோட வந்தார். புகையிலைக்காரர் மண்வெட்டியோட நிரையா நிண்டு அடிச்சு அடிச்சு இறுக்கிச்சினம், சின்னக்கிளி அண்ணை வரம்பு கட்டினார், வேலை நடக்க நடக்க என்ர யன்னலில வெளிச்சம் ஒரு சாண் ஒரு சாணாக் குறைஞ்சுகொண்டு வந்துது. வியாழக்கிழமை கண்ணாடியில மிஞ்சினது ஒரு கோடு. அதுக்குள்ளால ஆற்றையோ சப்பாத்தைக் கண்டன், பிறகு அதையும் காணேல்லை.

எனக்கு அழுகை வந்துது. வந்ததுதான், வராமல் விடுமே? முப்பது வருசம் அந்த யன்னலால தெருவைப் பார்த்த மனிசி நான். முகத்தைக் கழுவிப்போட்டுப் பின் கதவால வெளிய வந்து, எல்லாருக்கும் பால்தேத்தண்ணி ஊத்தினன்.

வெள்ளிக்கிழமை பெர்னார்ட் வந்தார். முன்னம் முத்தம் இருந்த இடத்தில மேடு இருந்துது. அவர் மேட்டில ஏறி, வாசலுக்கு முன்னால வந்து நிண்டு, கீழ ஒருக்காப் பார்த்தார், மேல ஒருக்காப் பார்த்தார், கடிதத்தை எடுத்துத் தானும் ஒருக்கா வாசிச்சார்.

"போனமுறை நிலம் இஞ்சை இல்லை," எண்டார்.

"இப்ப இருக்கு," எண்டன்.

"கடிதத்தில எப்பத்தைய நிலம் எண்டு போடேல்லைத்தான்," எண்டு சொல்லிப்போட்டு அளவுக்கருவியை முகட்டுக்குப் பிடிச்சார். முப்பத்திரண்டு அடி பத்து அங்குலம். எழுதினார், கையெழுத்து வைச்சார். தெரு முழுக்கக் கை தட்டின சத்தத்தில பக்கத்துத் தெரு நாயெல்லாம் குலைச்சுது, அந்தச் சத்தத்துக்குத்தான் அடுத்த தெருக்காரர் ஆரோ இன்னொரு முறைப்பாடு போட்டவையாம். போடட்டும்.

மண் ஏறினதால ரெண்டு வசதி வந்துது. அந்தச் சீலைப் பாவாடை முழுக்க மண்ணுக்குள்ள போய், பகலில ஒரு பொட்டு வெளிச்சம்கூட உள்ள போகாமல் செடிக்குச் சரியான இருட்டுக் கிடைச்சுது. மற்றது, படிக்குப் பதிலா இப்ப ஒரு சரிவு. ஞாயிற்றுக்கிழமை மலரக்கா வாசல்ல நிண்டு அந்தச் சரிவைக் கன நேரம் பார்த்தா, பிறகு தவண்ணையின்ர தோளில ஒரு கையும் தடியில ஒரு கையுமா, நிண்டு நிண்டு, பல்லைக் கடிச்சுக் கடிச்சு, ஐஞ்சு கிழமைக்குப் பிறகு தெருவில கால் வைச்சா. நேர என்ர பின் கதவுக்கு வந்து, "தேத்தண்ணி குடிக்க நீர் மேல வரேல்லை, அதால நான் வந்தனான்," எண்டா. நான் கதிரையை இழுத்துப் போட்டன்.

பிறகும் நாளுக்கு நாலு விரல் வீடு எழும்ப, நாளுக்கு நாலு விரல் நாங்கள் மண் போட்டம், செடி முந்திச்சுதோ நாங்கள் முந்தினமோ எண்டு போட்டிதான். ஒன்பதாங் கிழமை பூவில வெள்ளை நூலெல்லாம் மண்ணிறமாகி, பிசின் பால்மாதிரிக் கலங்கி வர, தவண்ணை குளிச்சுப்போட்டுப் போய் அடியில வெட்டினார். வெட்டின உடன வீடு கன நேரம் நிண்ட ஆள் குந்துறமாதிரி ஒருக்கா மெல்ல அசைஞ்சு மண்மேட்டில இருந்திட்டுது, அதுக்குப் பிறகு எழும்பேல்லை, இறங்கவும் இல்லை. பூவைக் கயித்தில கட்டி ரெண்டு கிழமை நிழலில காயவிட்டு, தேங்காயெண்ணெயில மெல்லிய சூட்டில காய்ச்சி வடிச்சால், வந்தது மூண்டு போத்தல்.

கார்த்திகை மாசத்தில வெயில் எறிக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலமை பத்து மணி போல, மலரக்கா வாசல்ல சாய்மனைக் கதிரையில கம்பளியால போர்த்துக்கொண்டு இருந்து, ஒரு அரிசியளவு எண்ணெயை நாக்குக்கு அடியில வைச்சா. பார்க்க வேண்டாம், வேலையைப் பாருங்கோ எண்டு தவண்ணை எல்லாரையும் கலைச்சவர், ஒருத்தரும் போகேல்லை. மண் கொண்டு வந்த சனம் முழுக்க மேட்டில நிரை நிரையா இருந்துது, என்ன நடக்குதெண்டு பார்க்கோணுமே. எங்கட சனம் ரெண்டு பேர் சேர்ந்தாலே சந்தை, அண்டைக்கு இருநூறு பேர். "இப்ப எப்பிடி இருக்கு அக்கா? இப்ப? இப்ப?"

பதினொண்டரைக்கு மலரக்காவின்ர தலை ஒரு பக்கம் சாய்ஞ்சுது. வாய் கொஞ்சம் திறந்துது. நான் கிட்டப் போய்ப் பார்த்தன், நெஞ்சு ஒரே சீரா ஏறி இறங்குது. நெத்தியில ஒன்பது வருசமா இருந்த அந்தச் சுருக்கத்தைக் காணேல்லை.

நான் திரும்பி இருநூறு பேரையும் பார்த்து வாயில விரலை வைச்சன். அடங்கிச்சுது. நான் சொல்லி எங்கட சனம் அடங்கினது அண்டைக்கு ஒருநாள்தான். குர்மீத் சிங் இருமல் வந்து தலைப்பாகைத் துணியால வாயைப் பொத்தினார், ஜமேக்கா மனிசி அழுத பேரனைத் தூக்கிக்கொண்டு தெரு முடிவு மட்டும் ஓடினா, சின்னக்கிளி அண்ணைக்கு வெத்திலை துப்ப வேணும், துப்பாமல் விழுங்கினார். ரெண்டு மணிக்குப் பெர்னார்ட் வந்தார், சத்தம் போடுற சனம் எண்டு வந்த அந்த முறைப்பாட்டுக்கு, கையில சத்தம் அளக்கிற கருவியோட. நான் கதிரையைக் காட்டினன். அவர் கருவியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சப்பாத்தைக் கழட்டிக் கையில எடுத்துக்கொண்டு வந்து மண்ணில எனக்குப் பக்கத்தில குந்திட்டார்.

மூண்டு மணி. நாலு மணி. குளிரத் துவங்க ஒவ்வொருத்தராத் தங்கட தங்கட கோட்டைக் கழட்டி முன்னுக்கு அனுப்பிச்சினம், நானும் தவண்ணையும் ஒண்டுக்கு மேல ஒண்டாப் போர்த்து விட்டம். ஐஞ்சு மணிக்கு வெயில் போச்சு. ஒருத்தரும் எழும்பேல்லை.

ஐஞ்சே முக்காலுக்கு மலரக்கா கண்ணைத் திறந்தா. தன்ர மேல கிடந்த கோட்டுக் குவியலைப் பார்த்தா, மங்கலுக்குள்ள வாய் பொத்திக்கொண்டிருந்த அவ்வளவு சனத்தையும் பார்த்தா, எங்கட ஆக்கள் இவ்வளவு பேர் இப்பிடி அமைதியா இருந்து அவ ஒரேயொரு இடத்திலதான் கண்டிருக்கிறா, பயந்துபோய் என்ர கையைப் பிடிச்சா.

"என்ன ராணி, ஆர் செத்தது?"